எஞ்சின் இல்லாத கார் வேண்டுமாம்

இலண்டன் வாழ் நம் ஊர்ச் சங்கத்தின் இந்தச் சிறப்புப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், தலைமை தாங்குவதற்கென்றே பிறந்த பெருமதிப்புக்குரிய கணேசலிங்கம் அவர்களே! நடந்ததையும் எழுதி, நடக்காததையும் எழுதி எம்மையெல்லாம் திகைக்க வைக்கும் செயலாளர் யனுஷன் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோரே! வாசலுக்கு மிக அருகில் இடம் கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதும் இளையோரே! காலையில் இருந்து குசினியில் கால் கடுக்க நின்று வடை சுட்ட தாய்மாரே! நான் பேசி முடிக்கும்வரை அந்த வடையை ஒருவர் கண்ணிலும் காட்டுவதில்லை என்று கதவைப் பூட்டி வைத்திருக்கும் மகளிர் அணித் தலைவி இம்மாகுலேற் அம்மா அவர்களே! தோர்ண்டன் ஹீத்தில் இருந்து நடந்து வந்தவர்களே, நோர்பரியில் இருந்து பஸ்ஸில் வந்தவர்களே, ஹரோவில் இருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்து இன்னும் கோட்டைக் கழற்றாமல் இருக்கும் கனவான்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கனகலிங்கத்தின் பணிவான மாலை வணக்கம்.

பணிவான என்று சொன்னேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

போன கிழமை தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, கூட்டத்திலை நீங்களும் பேசுங்கோ. ஆனா காரைப் பற்றி மட்டும் பேசுங்கோ. கராஜைப் பற்றிப் பேசாதையுங்கோ" என்றார். நான் சொல் மீறாதவன். ஆகவே இன்று ஒரு சிறிய பிரித்தானியத் திறந்த காரின் வரலாற்றை மட்டுமே பேசப் போகிறேன். வழியில் ஒரு கராஜ் குறுக்கே வந்தால் அது என் குற்றமல்ல. கார்கள் அங்கேதான் நிற்கின்றன.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்த மண்டபத்தின் பின்னால் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு கராஜ் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை பாவிக்கலாம் என்று அதை எனக்கு விட்டுத் தந்தவர்கள் நீங்கள். அதற்குள் என்னுடைய எம்.ஜி. மிட்ஜெட் நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் ஆண்டுக் கார். பச்சை நிறம். இரண்டே இருக்கை. கூரையை மடித்தால் மேலே வானம். சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியதாம். கராஜை உடைத்துப் படம் பிடிக்கும் அறை ஆக்குவதாம். சுவர் முழுக்க பிளாஸ்டிக் ரோசாப்பூ. பூச்சுவர்! பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் வருகிறவர்கள் அதன் முன்னே நின்று படம் எடுப்பார்கள். அந்தத் தீர்மானத்தை இன்று நீங்கள் உறுதிப்படுத்தினால் திங்கட்கிழமை சுவர் இடிக்க ஆள் வரும். என் கார் வெளியே போகவேண்டும். அல்லது உள்ளேயே நிற்கலாம், ஒரு சின்ன நிபந்தனையோடு. அந்தச் சின்ன நிபந்தனையைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

அன்பர்களே! இந்தக் காரின் வரலாறு கஞ்சத்தனத்தில் தொடங்குகிறது. ஆகவே நமக்கு உடனே விளங்கும்.

ஐம்பதுகளின் இறுதி. இந்த நாட்டு இளைஞனுக்கு ஓட்டப் பந்தயக் கார் மீது ஆசை, கையிலோ காசில்லை. சைக்கிள் கொட்டிலுக்குள் நிறுத்தக்கூடிய ஒரு சின்னக் கார் வேண்டும் என்று அப்போது பேசிக்கொண்டார்களாம். கேட்டீர்களா? சைக்கிள் கொட்டில்! பிறக்கும் முன்பே அதற்கு ஒரு கொட்டில் நினைத்து வைத்தார்கள் வெள்ளைக்காரர்கள். பிறந்து வளர்ந்து கிழடான பிறகு இருந்த கொட்டிலையும் பறிக்கிறோம் நாங்கள். சரி, தலைவர் மேசை மணியில் கை வைக்கிறார். காருக்கே திரும்புகிறேன்.

ஹீலி குடும்பம் வரைந்தது. ஒஸ்ரின் நிறுவனம் பொறுப்பெடுத்தது. ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் எம்.ஜி. தொழிற்சாலை காரைக் கட்டியது. புதிதாக எதையும் செய்யாதே, இருப்பதை எடு என்பதே கட்டளை. எஞ்சின் எங்கிருந்து? ஒஸ்ரின் ஏ-35 என்ற வீட்டுக் காரில் இருந்து. ஸ்டியரிங் எங்கிருந்து? மொறிஸ் மைனரில் இருந்து! அதோ, முன்வரிசையில் ஐயாமார் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மொறிஸ் மைனர் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம். ஊரில் போரால் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துவிட்டு ஓடிய கார் அல்லவா? அந்த மொறிஸ் மைனரின் தங்கச்சி இது. கொஞ்சம் கூந்தலை விரித்துவிட்ட தங்கச்சி.

இந்த இடத்தில் பேச்சாளர்கள் வழக்கமாகக் குரலைத் தாழ்த்துவார்கள். "அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்த இந்தக் காரைப் போலத்தானே அகதியாக வந்த நாமும்" என்று கண்ணைத் துடைப்பார்கள். நான் துடைக்கமாட்டேன். நாம் வந்த கதை வேறு. அதைச் சொல்ல ஒரு ஸ்டியரிங் தேவையில்லை. கார் கார்தான்.

ஐம்பத்தெட்டில் அது வெளியே வந்தது. பெயர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட். வெளியிட்ட இடமோ மொண்டே கார்லோ! சிக்கனத்தில் செய்த காரைச் சீமான்களின் கடற்கரையில் வெளியிட்டார்கள். வெளியிலே கதவுக்குக் கைபிடி இல்லை. பின்னாலே பெட்டிக்கு மூடி இல்லை. ஒரு பையை உள்ளே வைக்க வேண்டுமா? இருக்கையை மடி, தலையை உள்ளே விடு, காலை ஆகாயத்துக்குக் காட்டு.

"எங்கட ஸ்ரோர் றூமும் அப்பிடித்தான் கிடக்கு, அண்ணை!"

நன்றி, இம்மாகுலேற் அம்மா. நிர்வாக சபை குறித்துக்கொள்ளட்டும்.

அதன் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகத்து விளக்குகள் இரண்டும் பகலில் படுத்திருந்து இரவில் எழும்ப வேண்டும் என்பதே முதல் யோசனை. எழுப்பும் பொறிக்குச் செலவு அதிகம். என்ன செய்தார்கள்? எழும்பியபடியே நிற்கட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். தவளை விழிப்பது போல விழித்துக்கொண்டு நின்றது கார். உலகம் பார்த்தது. "ஐயோ, என்ன அழகு!" என்றது. தவளைக் கண் என்று செல்லப் பெயர் வைத்தது. செலவைச் சுருக்கினார்கள், அழகு பிறந்தது. நாமும் இந்த மண்டபத்தில் ஒலிவாங்கிக்குச் செலவைச் சுருக்கினோம். என்ன பிறந்தது? இதோ கேட்கிறீர்களே, இந்தக் கரகரப்பு, அதுதான் பிறந்தது.

அறுபத்தொன்றில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்பிரைட்டுக்கு முகத்தை மாற்றினார்கள். அதே காரை எடுத்து, கொஞ்சம் மினுக்கு வேலை செய்து, கொஞ்சம் விலையும் கூட்டி, எம்.ஜி. மிட்ஜெட் என்று வேறு பெயர்ப்பலகை போட்டு, அந்தக் கடையில் இது, இந்தக் கடையில் அது என்று விற்றார்கள். ஒரே உடம்பு, ஒரே எஞ்சின், இரண்டு பெயர். வாங்கியவர்களோ என்னுடையதுதான் உயர்ந்தது, உன்னுடையது தாழ்ந்தது என்று சண்டை பிடித்தார்கள்.

ஒரே உடம்பு, இரண்டு பெயர்ப்பலகை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஆட்கள். ஆனால் இங்கே ஒரு சங்கம், குறொய்டனில் இன்னொரு சங்கம்! பிரிந்த காரணம் என்ன? கொள்கையா? கோட்பாடா? ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் ஏற்றுவது என்பது! அதோ மூன்றாம் வரிசையில் அந்தச் சங்கத்து அன்பர் ஒருவர் மெல்ல வந்து இருக்கிறார். வாருங்கள், ஐயா, வாருங்கள். உங்கள் மினுக்கு எங்களுக்கில்லை. உங்கள் வடையும் எங்களுடையதைப் போலச் சூடில்லை.

நான் இந்தக் காரை எப்படி அடைந்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நோர்பரியில் ஒரு பெற்றோல் செட்டில் நான் வேலை செய்த காலம். நம்மில் அந்த வேலை செய்யாதவர் யார்? இன்று மருத்துவருக்குத் தகப்பன், வழக்கறிஞருக்கு மாமன் என்று இருப்பவர்கள் எல்லாம் அன்று ஒரே கண்ணாடிக்குப் பின்னால் நின்று சில்லறை கொடுத்தவர்கள்தானே? ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இந்தப் பச்சைக் காரில் வருவார். நான் வெளியே போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவரால் காரை விட்டு எழும்ப முடியவில்லை. கார் தரையோடு தரை; அவருக்கோ முழங்கால் மடியாது. நான் கையைக் கொடுத்துத் தூக்கினேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், காரின் திறப்பைக் கழற்றி நீட்டி, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஒரே ஒரு வாக்குத்தான் வாங்கினார். இது ஓட வேண்டும், நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்காகத் தரவில்லை என்றார். சரி என்றேன். என் இங்கிலிஷில் அன்று இருந்ததே அந்த ஒரு சொல்தான்.

மிச்ச இங்கிலிஷை இந்தக் காரைத் திருத்தும் கைநூலில் படித்தேன். அதனால்தான் இன்றுவரை எனக்கு வெள்ளைக்காரனோடு வானிலை பற்றிப் பேசத் தெரியாது. கிளட்ச் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவேன்.

வீட்டுக்குக் கொண்டு போனேன். என் மனைவி செல்வமலர் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"இதுக்குள்ளை பிள்ளையளை எங்கை ஏத்திறது?"

"ஒண்டை மடியிலை வைச்சிரும்."

"மற்றதை?"

"அதையும் மடியிலை வையும்."

"அரிசி மூட்டையை?"

நான் குனிந்து சில்லில் காற்றுச் சரியா என்று பார்த்தேன்.

"அப்ப உங்கட மடியிலை வைச்சு ஓடுங்கோ" என்று கதவைச் சாத்தியவர்தான். அந்தக் கதவு இன்னும் இந்தக் காருக்குத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு முன்றிலில் அவருடைய செடிகள் நிற்கின்றன. கார் அங்கே வரக்கூடாது என்பது குடும்பச் சட்டம். அதனால்தானே, பெரியோர்களே, இந்தக் கராஜ் எனக்கு உயிரானது! அங்கேதானே சனிக்கிழமைகளில் உங்கள் கார்களையும் கொண்டுவந்து விட்டீர்கள்? "அண்ணை, ஒரு சத்தம் கேக்குது, ஒருக்காப் பாருங்கோ" என்று எத்தனை பேர் வந்தீர்கள்? அண்ணை பார்த்தார். சத்தம் நின்றது. இப்போது அண்ணையின் சத்தத்தையும் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

வரலாற்றுக்கு வருவோம். எழுபத்தொன்றில் ஸ்பிரைட்டில் இருந்து ஹீலி என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். பெற்றவர் பெயரைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை விற்றார்கள். அதே ஆண்டில் அந்தப் பிள்ளையின் கதையும் முடிந்தது. மிட்ஜெட் மட்டும் மிஞ்சியது. எழுபத்துநாலில் அமெரிக்காவின் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நடுக்கம். பளபளத்த முகத்தில் கறுப்பு ரப்பர் பம்பர் என்று ஒரு பெரிய வாய்ப்பூட்டை ஒட்டினார்கள். காரையும் உயர்த்தினார்கள். தரையைத் தழுவி வளைந்தோடிய கார், குதிகால் செருப்புப் போட்ட குழந்தை மாதிரி வளைவுகளில் தள்ளாடியது. அத்தோடு விட்டார்களா? தன் எதிரியாகப் பல வருடம் ஓடிய ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினைக் கொண்டுவந்து இதன் நெஞ்சுக்குள் வைத்தார்கள். ஆனாலும் அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். எதிரியின் எஞ்சினை என்றாலும் ஒரு எஞ்சினை வைத்தார்கள்! எஞ்சினே வேண்டாம் என்று அந்த நிறுவனத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எங்கள் செயலாளர் பிறக்க வேண்டி இருந்தது.

ஆம், அந்தச் சின்ன நிபந்தனை. சொல்கிறேன்.

போன மாதக் கூட்டம் முடிந்த கையோடு யனுஷன் கராஜுக்கு வந்தார். நல்ல பிள்ளை. ஹரோவில் வீடு. பற்றறியில் ஓடும் கார். வந்தால் சத்தமே இல்லை, அதனால்தான் எப்போது வருகிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அங்கிள், கார் சூப்பரா இருக்கு. இஞ்சையே நிக்கட்டும். பூச்சுவருக்கு முன்னாலை வைச்சா ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்."

எனக்கு மனம் குளிர்ந்தது. "ஓம் தம்பி, நிக்கட்டும்" என்றேன்.

"ஜஸ்ட் எஞ்சினையும் பெற்றோல் டாங்கையும் மட்டும் எடுத்துவிடுவம். சேஃப்டிக்கு. சில்லையும் கழட்டிப்போட்டுக் கல்லிலை ஏத்தினா ஆடாது. ஆக்கள் ஏறி இருக்கலாம்."

"எஞ்சின் இருந்த இடத்திலை?"

"பூ வைக்கலாம், அங்கிள்."

பூ வைக்கலாம், அங்கிள்! கேட்டீர்களா, தாய்மாரே? எஞ்சின் இருந்த இடத்தில் பூ. என் கண் முன்னாலேயே செத்தவீடு கொண்டாடச் சொல்கிறார். ஓடாத கார் என்ன கார்? பாடாத பாடகரை மேடையில் இருத்திப் படம் எடுப்பீர்களா? சுடாத அடுப்பை இம்மாகுலேற் அம்மாவுக்குப் பரிசளிப்பீர்களா?

"தந்து பாக்கட்டும்!"

பாருங்கள், அம்மா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அப்பிடிச் சொல்லேல்லை, அங்கிள்! அது ஒரு ஒப்ஷன்தானே!"

செயலாளர் அவர்களே, இருங்கள், இருங்கள். நீங்கள் சொன்னபடிதான் சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. கூட்டி எழுதுவது என் வேலை அல்ல.

இனி அந்தத் தீர்மானம் நிறைவேறிய திருக்கதை. அதற்கு முன் அபிங்டனின் கதை. இரண்டும் ஒரே கதைதான்.

எழுபத்தொன்பது செப்டெம்பர். எம்.ஜி. தொழிற்சாலை அபிங்டனுக்கு வந்து ஐம்பது ஆண்டு. ஊரே கொண்டாடியது. ஊர்வலம் என்ன, உற்சாகம் என்ன, உரைகள் என்ன! தொழிலாளர்கள் தோளில் பிள்ளைகளைத் தூக்கிவைத்து வேடிக்கை காட்டினார்கள். கொண்டாட்டம் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். தொழிற்சாலையை மூடப்போகிறோம் என்று செய்தி வந்தது! அந்த ஆண்டின் முடிவோடு மிட்ஜெட் நின்றது. அடுத்த ஆண்டு தொழிற்சாலையும் மூடப்பட்டது. முதலில் மாலை, மறுநாள் பூட்டு.

இதை ஒரு கார்ப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனிதர்கள் இப்படியும் செய்வார்களா என்று நினைத்தேன். போன மாதம் இந்த மேடையில் நம்பிக்கை வந்தது.

போன மாதம் என்ன நடந்தது? "எமது மூத்த உறுப்பினர் கனகலிங்கம் ஐயா அவர்களைப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்" என்று அழைத்தார்கள். ஏறினேன். தலைவர் பொன்னாடையை விரித்தார். தலை குனிந்தேன். அந்த நேரம் பார்த்து, அந்தப் பக்கத்து ஒலிவாங்கியில் செயலாளர் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினார். பொன்னாடை தோளில் விழவும், தீர்மானம் முடியவும் சரியாக இருந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? கை தட்டினீர்கள்! எதற்குத் தட்டினீர்கள்? பொன்னாடைக்கு. செயலாளர் எழுதியது என்ன? "பலத்த கரகோஷத்துடன் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது!"

நம் சங்கங்களில் வாக்கெடுப்பு என்றால் என்ன? தலைவர் சபையைப் பார்ப்பார், சபை தட்டும், முடிந்தது. இந்த முறையில் நாம் தலைவர்களைத் தெரிவுசெய்தோம், கணக்குகளை ஏற்றோம், நடனத்துக்கு வந்த பிள்ளைகளுக்குத் தட்டியதில் சங்கத்தின் யாப்பு விதிகளையே ஒருமுறை திருத்தினோம். என்ன திருத்தினோம் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. நானோ, அதிலும் மேலான கூத்து, பொன்னாடைக்கு நன்றி சொல்ல இரண்டு கையையும் கூப்பினேன். அதைக் கேட்டபோது செயலாளர் சொன்னார்: "அங்கிள், நீங்களும் கும்பிட்டனீங்கள்தானே? சம்மதம் எண்டுதான் நினைச்சம்."

தன்னைக் கழுவில் ஏற்றும் தீர்ப்புக்குத் தானே கும்பிட்டு நின்ற முதல் மனிதன் நான்.

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். தேவையான இடத்தில் மட்டும்.

தலைவரே, உங்களுக்காக ஒரே ஒரு கதை. அதைச் சொல்லி முடிக்கிறேன். இதுவும் காரின் வரலாறுதான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு.

உங்கள் மகன் நிருஜனின் கலியாண நாள். நோர்பரியில் உங்கள் வீடு, குறொய்டனில் மணவறை. மாப்பிள்ளைக்கு நீங்கள் ஒரு வெள்ளைக் கார் பிடித்தீர்கள். கார் என்றா சொன்னேன்? அது ஒரு தெரு! முன்பக்கம் உங்கள் வீட்டு வாசலில் நின்றது, பின்பக்கம் அடுத்த வீட்டுக்காரருக்கு வணக்கம் சொன்னது. மாப்பிள்ளை ஏறினார், மாப்பிள்ளையின் அத்தான் கிரண் தோழனாக ஏறினார், வீடியோக்காரர் ஏறினார், பலகாரத் தட்டங்கள் ஏறின. புறப்பட்டது. தெருமுனையில் திரும்பியது. திரும்பியதா? பாதி திரும்பியது. மூக்கு ஒரு மதிலில், வால் ஒரு மதிலில், நடுவிலே மாப்பிள்ளை! முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. அதன் பின்னால் உறவினர் கார்கள் வரிசையாக வந்து வழியை அடைத்துக்கொண்டு ஹோர்ன் அடித்தன. ஹோர்ன் அடித்தால் மதில் நகரும் என்று நம்பும் ஒரே இனம் நம் இனம்.

சுப நேரம் போய்க்கொண்டிருந்தது. மணவறையில் இருந்து ஐயர் தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. தலைவரே, நீங்கள் பட்டு வேட்டியோடு தெருவில் நின்று தலையில் கை வைத்தீர்கள். நான் மிட்ஜெட்டில் வந்தேன். நடைபாதைக்கும் அந்த வெள்ளைத் தெருவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், தங்கச்சி தாவணியை ஒடுக்கிக்கொண்டு போவது போலப் போய் நின்றேன். மாப்பிள்ளையை ஏற்றினேன். தலைப்பாகை கூரையில் இடித்தது. மடக்கடா கூரையை என்றேன். மடக்கினோம். தூறல் விழத் தொடங்கியது. இலண்டன் அல்லவா?

"சரி, வெளிக்கிடுவம்" என்றேன்.

"எப்பிடி வெளிக்கிடுறது? தோழன் இல்லாமல் மாப்பிள்ளை போய் இறங்கிறதோ?" என்று பின்னால் ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் கிரண். அவருக்கும் ஒரு தலைப்பாகை.

இருப்பதோ இரண்டு இருக்கை. எங்களவர் கலியாணத்துக்கு அபிங்டனில் கார் கட்டவில்லையே! வெள்ளைக்காரன் கலியாணத்துக்குத் தனியாகப் போவான். எங்கள் மாப்பிள்ளைக்குத் தோழன் இல்லாமல் வாசல் கடக்க ஏலாது. சட்டம் தெரிந்தவர்கள் இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மடித்த கூரையின் மேல் தோழனை ஏற்றி இருத்தினேன். ஒரு கையால் என் தோளையும் மறு கையால் தன் தலைப்பாகையையும் பிடித்தார்.

"அங்கிள், மெதுவா! மெதுவா!"

"மெதுவாப் போனா, தம்பி, உம்மட மச்சானுக்கு அடுத்த வரியம்தான் கலியாணம்!"

இலண்டன் வீதி நெடுகச் சனம் நின்று பார்த்தது. பஸ்ஸின் மேல் தட்டில் இருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். எதிர்த் திசையில் போன மீன்காரர் ஒருவர் லொறியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். ராசாவோ யாரோ என்று நினைத்திருப்பார். மாப்பிள்ளை சிரித்தார், தோழன் அலறினார், எஞ்சின் பாடியது. ஆம், எஞ்சின்! பூ அல்ல, செயலாளர் அவர்களே, எஞ்சின்! நேரம் தப்பும் முன்பே மணவறை வாசலில் போய் இறங்கினோம். தாலி ஏறியது. தலைவரே, அன்று நீங்கள் என் கையைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "அண்ணை, இந்தக் கார் இருக்குமட்டும் அதுக்கு எங்கட சங்கத்திலை இடம் இருக்கும்" என்றீர்கள். சொன்னீர்களா இல்லையா?

நிறுத்துங்கள்! ஐயோ, கை தட்டாதீர்கள்! செயலாளர் பேனாவை எடுக்கிறார்!

இதைத்தான் கேட்கிறேன், சபையோரே. நன்றிக்கடனைக் கேட்கவில்லை. இரக்கம் கேட்கவில்லை. வயோதிபர் பாவம் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவேன். நான் கேட்பது ஒன்றே. எனக்கு எதிராகத் தீர்மானம் போடுவதென்றால் தெரிந்து போடுங்கள்! தெரியாமல் கை தட்டி ஒரு காரின் உயிரை எடுக்காதீர்கள். ஓடுவதற்கென்று கட்டினார்கள். ஓடுவதற்கென்று அந்தக் கிழவர் தந்தார். ஓடியதால் ஒரு கலியாணம் நடந்தது. ஓடும்வரைதான் அது கார். அதை நிறுத்திவைத்துப் பூச்சூட்டி, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவதற்கு என் சம்மதம் இன்றும் இல்லை, நாளையும் இல்லை, நான் போன பின்பும் இல்லை!

நமது யாப்பு என்ன சொல்கிறது? உறுப்பினர் ஒருவர் கேட்டால் கை உயர்த்தி வாக்கெடுக்க வேண்டும். நான் உறுப்பினர். நான் கேட்கிறேன். சென்ற மாதத் தீர்மானத்தை நீக்க வேண்டும், கராஜ் கராஜாகவே இருக்க வேண்டும் என்போர், கையை உயர்த்துங்கள்.

தலைவர் அவர்களே, பாருங்கள். அதோ தோர்ண்டன் ஹீத் வரிசை. உயர்கிறது. நோர்பரி வரிசை, பாதி உயர்ந்திருக்கிறது. மற்றப் பாதி பக்கத்தவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹரோ ஐயாமாரே, கோட்டைக் கழற்றினால் கை உயரும். இம்மாகுலேற் அம்மா கரண்டியை உயர்த்துகிறார். கரண்டியும் கைதானே? எழுதுங்கள். மூன்றாம் வரிசைக்காரரே, உங்கள் கையை இறக்குங்கள். உங்களுக்கு இங்கே வாக்கில்லை, ஆனாலும் நன்றி. அட! சுவரோரம் செல்வமலர். இரண்டு கையையும் உயர்த்தியிருக்கிறார்!

"காருக்காண்டி இல்லை! கராஜ் போனா அது என்ர செடி நிக்கிற முத்தத்துக்கு வந்திரும்!"

கேட்டீர்களா? நாற்பது வருட இல்லறத்தின் இனிய குரல். செயலாளர் அவர்களே, காரணம் எதுவானாலும் கை கைதான். ஒரு கையாக எழுதுங்கள்.

என்ன, செயலாளர்? தலைவர் கை உயர்த்தக் கூடாதா? யார் உயர்த்தியது?

திரும்பிப் பார்க்கிறேன். கணேசலிங்கம் அவர்கள் எழுந்து நிற்கிறார். மணியை மேசையில் வைத்துவிட்டார். கை உயர்ந்திருக்கிறது.

"தலைவர் வாக்குப் போடேலாது, அங்கிள். இரண்டு பக்கமும் சமனா வந்தால் மட்டும்தான்."

"எழுதாட்டி விடு, தம்பி. நான் இறக்கமாட்டன்."

தலைவருக்கு இரண்டு கையையும் கூப்புகிறேன், சபையோரே. இந்தக் கும்பிடு சம்மதம்தான். அதையும் யாராவது குறித்துக்கொள்ளட்டும்.

எண்ணியாயிற்றா? தீர்மானம் நீங்கியதா? உரத்துச் சொல்லுங்கள், செயலாளர், இந்த ஒலிவாங்கியை நம்பாமல் சொல்லுங்கள். நீங்கியது! நல்லது.

உயர்ந்த கைகளுக்கு நன்றி. உயராத கைகளுக்கும் நன்றி. உங்கள் கார்களில் இனிச் சத்தம் கேட்டால் பூச்சுவரிடம் காட்டுங்கள். பொறுமையாக இருந்த முதியோருக்கும், பொறுமை இழந்தும் போகாத இளையோருக்கும், வடையைக் காத்த தாய்மாருக்கும், காத்த வடையை இனியாவது விடப்போகும் மகளிர் அணிக்கும் என் மனமார்ந்த நன்றி. யனுஷன் தம்பி, சனிக்கிழமை வாருங்கள். ஒரு முறை பக்கத்தில் இருத்தி ஓடிக் காட்டுகிறேன். மன்னித்ததற்காக அல்ல. இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் பயப்படுவதைப் பார்க்க ஆசை.

கடைசியாக ஓர் அறிவித்தல். கராஜ் கதவை மறித்து யாரோ ஒரு பெரிய கறுப்புக் காரை விட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து உடனே எடுங்கள். எனக்கு இப்போது வெளிக்கிட வேண்டும்.

வணக்கம்.